உப்பு ஊறிய கூரைகள்

அடுத்தவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவர்கள் தலைக்கு மேலே என்ன கோளாறு என்று சொல்வதுதான் என் பிழைப்பு. பாம்பனில் மீனவர்களுக்கு அரசு எப்போதோ கட்டிக் கொடுத்த காலனி வீடுகளை இடித்துத் தள்ளாமல், இருக்கிற சுவரை வைத்தே பழுது பார்க்க ஒரு திட்டம். அதில் நான் சர்வே எஞ்சினியர். லேசரில் அளக்கிற கருவி, ட்ரோன், சூட்டைப் படம் பிடிக்கிற கேமரா எல்லாம் கையில் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்தால் டேப்லெட்டில் ஒவ்வொரு வீடும் பொம்மை வீடு மாதிரி எழுந்து நிற்கும்; நல்ல இடம் பச்சை, ஆபத்தான இடம் சிவப்பு. கணக்கெடுப்பு, ரேஷன் கார்டு சரிபார்ப்பு என்று வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

நெத்திலிக்கு மேலே

முதல் நாளே வம்பு. எங்கள் ட்ரோன் ஆபரேட்டர் செல்வம், ஒரு வீட்டு மாடியைக் கிட்டத்தில் படம் எடுக்க ட்ரோனைத் தாழ இறக்கினான். அங்கே நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. ட்ரோன் காற்றில் மீன் பாதி பறந்தது, மீதியில் மண் விழுந்தது. நாங்கள் மாடிக்கு ஓடினோம்; பின்னாலேயே அந்த வீட்டுக்காரி ஜெசிந்தா அக்கா கம்போடு படியேறி வந்தார். செல்வம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். நானும் உட்கார்ந்து மீன் பொறுக்கினேன். அக்கா கம்பைக் கீழே போடவே இல்லை.

"ஏலே தம்பி, காக்காய வெரட்ட இந்தக் கம்பு போதும். ஒன் மெசின வெரட்ட நான் என்னத்தக் கொண்டு வர?"

பகல் தூக்கம்

கடற்கரை வீடென்றால் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும், காரை பெயரும். அது தெரிந்த கதை. ஆனால் ஜெசிந்தா அக்கா வீட்டில் படுக்கிற அறையின் கூரை மட்டும் மற்ற இடத்தைவிட மோசமாக இருந்தது. மழை ஒழுகின தடமும் இல்லை. எனக்கு மண்டை காய்ந்தது.

மத்தியானம் விடை தானாகப் படியேறி வந்தது. அக்கா கடலிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து, அந்த அறைக்கு மேலே தளத்தில் ஊற்றினார். அவர் வீட்டுக்காரர் சூசை அண்ணன் கீழே தூங்குகிறார். தளம் சூடாறட்டும் என்று வருசக்கணக்காக இந்தக் கைங்கரியம். காலனியில் பல வீட்டில் இதே பழக்கம்தானாம். எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். "உப்புத் தண்ணிய நீங்களே ஊத்தி வீட்ட அரிச்சுட்டீங்களேக்கா" என்று சத்தம் போட்டேன். அக்கா காலி வாளியைக் கீழே வைத்தார்.

"ராவெல்லாம் கடல்ல கெடந்துட்டு வார மனுசன் பகல்ல கண்ணசரணும்ல தங்கச்சி? குடிக்கவே லாரித் தண்ணி. அதையா கூரைக்கு ஊத்துவாக?"

சிவப்பு

டேப்லெட்டில் அந்த அறையின் கூரை முழுக்கச் சிவப்பு. காரை எப்போது வேண்டுமானாலும் விழலாம். வீட்டைக் காலி செய்து கொடுத்தால் கம்பியைச் சுத்தம் பண்ணி, புதுக் காங்கிரீட் போட்டு, மேலே வெள்ளைப் பூச்சு அடித்துத் தருவோம். அந்தப் பூச்சு இருந்தால் தளம் அவ்வளவாகச் சுடாது, தண்ணீரே ஊற்ற வேண்டாம். பக்கத்து வீட்டார் காலி செய்தார்கள். ஜெசிந்தா அக்கா மட்டும் அசையவில்லை. முன்னே கரையோரம் குடிசையில் இருந்தபோது, "கொஞ்ச நாள் ஒதுங்குங்க, திருப்பித் தந்துருவோம்" என்று யாரோ சொல்லி, ஒதுங்கின இடம் ஒதுங்கினதாகவே போய்விட்டதாம்.

அந்த அறையிலாவது படுக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். அங்கேதான் கொஞ்சம் குளிர்ச்சி என்றார். டேப்லெட்டைக் கையில் கொடுத்து, வீட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். மாதா படம், கொடியில் கிடந்த அண்ணன் சட்டை, மூலையில் மண்ணெண்ணெய் கேன், எல்லாம் அதில் இருந்தன. நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் தெரியுது. நாங்க திரும்பி வருவோம்னு இதுல எங்கன தெரியுது?"

பாயில் விழுந்தது

அதற்கு நான் பதில் தேடிக்கொண்டிருந்த வாரத்திலேயே, ஒரு பகலில், தூங்கிக்கொண்டிருந்த சூசை அண்ணன் கால்மேல் காரை விழுந்தது. கணுக்காலுக்கு மேலே எலும்பு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அக்கா மேலா, அந்தக் காலத்தில் அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் மேலா? வராந்தாவில் நின்று அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"சூறாவளில படகு கவுந்து கரைக்கு நீந்தி வந்தவன் நான். ஒரு கீறல் இல்ல. வீட்ல பாய்ல படுத்து காலு போச்சு பாத்தியாம்மா."

சாமான் ஏற்றிய நாள்

அக்கா காலி செய்தார். அண்ணன் காலுக்கு இன்னொரு தடவை ஆபத்து வரக் கூடாது, அவ்வளவுதான் காரணம். எங்களை நம்பி ஒன்றும் இல்லை. சாவி வாங்க நானும் செல்வமும் போனபோது பானை, பாய், வலை எல்லாம் லோடு ஆட்டோவில் ஏறியிருந்தன. அண்ணனுடைய தம்பி வாசலில் உட்கார்ந்து கீல் ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். கதவு நிலையை விட்டு வந்தது. அதையும் தூக்கி வலைக்கு மேலே படுக்க வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

"பூட்டிச் சாவியக் குடுத்தாப் போதும்க்கா" என்றான் செல்வம். அக்கா அவனைப் பார்க்கவில்லை. முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"சாவிய ஒங்க ஆபீசுல ஆருட்ட வேணா குடுத்துருவாக. கதவு எங்கிட்டதேன் இருக்கும் தங்கச்சி. வேல முடிஞ்சா சொல்லு, மாட்ட வாரேன்."

காலனி முழுவதும் சர்வரில் பத்திரமாக இருப்பதாக மேலிடத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். தினம் சாயங்காலம் மட்டும், கதவில்லாத அந்த வாசலில் நாய் ஏறாமல் ஒரு தகரத்தை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.