மூக்கம்மா கேட்காத கேள்வி

எங்கள் கட்டடத்தில் பதினாறு வீடுகள், பதினாறு ஃபிரிட்ஜ்கள், ஆனால் நம்பத்தகுந்த மூக்கு ஒன்றே ஒன்றுதான். அது என் மனைவியுடையது.

நான் சாப்பிட உட்கார்ந்தால் போதும், மூக்கில் வேர்த்தது போல யாராவது கிண்ணத்தோடு வாசலில் வந்து நிற்பார்கள். "அக்கா, இது நல்லா இருக்கா பாருங்களேன்." நேற்றைய கோழி, முந்தாநாள் பருப்பு, தேதி அழிந்துபோன பால் பாக்கெட், என்ன வேண்டுமானாலும் வரும். அவள் தையல் மெஷினை நிறுத்துவாள், கண்ணை மூடுவாள், ஒரே ஒரு முறை மூச்சை இழுப்பாள். "சாப்பிடலாம்" அல்லது "கொட்டிடு". மேல்முறையீடு கிடையாது.

அவள் தொழில் தையல். பேன்ட் நுனி மடிப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பெருத்தவர்களுக்கு அதை வெளியே சொல்லாமல் சட்டையைப் பிரித்துத் தைப்பது. நான் லிஃப்ட் மெக்கானிக். குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்யாதவர் எவரும் இந்தக் கட்டடத்தில் இல்லை. இருபது வருஷத்தில் என்னைத் தேடி ஒருவரும் படியேறி வந்ததில்லை. கதவைத் திறந்தால் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா இருக்காங்களா?" என்பார்கள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஒரு பிறந்தநாளில் கேக்கில் மெழுகுவர்த்தியை ஏற்றும் முன்பே, "இந்த கிரீம் திரிஞ்சிருக்கு, பிள்ளைங்களுக்குக் கொடுக்காதீங்க" என்று சொல்லி இருபது குழந்தைகளின் வயிற்றைக் காப்பாற்றினாள். அன்றைக்கு விழுந்த பெயர்தான் மூக்கம்மா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே இப்போது இரண்டு விநாடி யோசித்துத்தான் திரும்புவாள். பெரிதாகப் படிக்கவில்லை, வெளியே போய் வேலை பார்க்கவில்லை. ஆனால் படியில் அவள் இறங்கினால் எல்லோரும் வழிவிட்டார்கள். அதில் அவளுக்கு எவ்வளவு பெருமை என்பது எனக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்த படுக்கை. எழுந்து உட்கார்ந்த மறுநாளே கிண்ணங்கள் வரத் தொடங்கின. அவளும் பழையபடி கண்ணை மூடினாள், மூச்சை இழுத்தாள்.

"கொட்டிடு."

அடுத்ததற்கும் அதேதான். காலையில் காய்ச்சிய பாலுக்கும் அதேதான். இரண்டாவது மாடியில் இரட்டைக் குழந்தைகளின் அம்மா இருக்கிறாள். முந்தைய நாள் இரவு வைத்த கோழிக்கறியை ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தாள். அதுவும் குப்பைக்குப் போனது. அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "நேத்துதானேக்கா வச்சேன், உடனே ஃபிரிட்ஜுல வேற வச்சேன்" என்றாள். என் மனைவி மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். காய்ச்சல் வந்ததிலிருந்து மூக்கம்மாவுக்குப் பயம் பிடித்துவிட்டது என்று கட்டடத்தில் பேச்சு கிளம்பியது.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீழே போய்விட்டுப் படியேறி வருகிறேன், இரண்டாவது மாடியிலேயே பால் தீய்ந்த வாடை குடலைப் புரட்டுகிறது. உள்ளே வந்தால் அடுப்பில் பாத்திரம் கறுத்துக் கிடக்கிறது. அவள் அதற்கு நாலடி தள்ளி உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன முழிக்கிறீங்க?" என்றாள்.

நான் அடுப்பை அணைத்தேன். அவள் பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அழுதாள்.

"போயிடுச்சுங்க. காய்ச்சல்லயே போயிடுச்சு. சோப்பு வாசனைகூடத் தெரியல. தெரியாம நல்லதுன்னு சொல்லி யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சுன்னா? அதான் எல்லாத்தையும் கொட்டச் சொல்றேன்."

"சொல்லிடேன். காய்ச்சலுக்குப் போறதுதானே, யாரு என்ன சொல்லப்போறாங்க?"

"சொல்லிட்டா அப்புறம் எதுக்கு என்கிட்ட வருவாங்க? ஜிப் மாத்தவா?"

நான் அவளுக்கு ஒரு உபகாரம் செய்தேன். வேலியில் போன ஓணானை எடுத்துக் காதில் விட்டுக்கொள்வது என்பார்களே, அப்படிப்பட்ட உபகாரம். "என் மூக்கு நல்லாத்தானே இருக்கு?" என்றேன். கிண்ணம் வந்தால் நான் எழுந்து வாங்குவேன், கொண்டுபோய் அவளிடம் கொடுக்கும் வழியில் முகர்ந்துவிடுவேன். ஒரு இருமல் என்றால் நல்லது. இரண்டு என்றால் கொட்ட வேண்டும். அவள் வழக்கம்போல் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, தீர்ப்புச் சொல்வாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் ஒரு மாதம் மறைத்தோம். நடுவில் எனக்கு நிஜமாகவே சளி பிடித்து, யாரோ ஒருவரின் அருமையான மீன் வறுவல் குப்பைக்குப் போனது தவிர வேறு சேதமில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த மாதம் பிடித்திருந்தது. தீர்ப்பு என்னுடையது அல்லவா?

அப்போதுதான் நாலாவது மாடி கண்டக்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும். பஸ்ஸில் அவர் விசில் சத்தம் தெருமுனை வரை கேட்கும், கட்டடத்தில் குரலே கேட்காது. அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் எட்டு மாதமாக இங்கே இல்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு மதியம் டியூட்டி. காலை பத்து மணிக்கு ஒரு டப்பா நிறையச் சோறு கொண்டுவந்தார்.

நான் வாங்கி முகர்ந்தேன். வெறும் சோற்று வாசனை. புளிப்பில்லை, பிசுபிசுப்பில்லை, ஒன்றோடொன்று ஒட்டாமல் பூப்போல இருந்தது. ஒரு முறை இருமினேன்.

"சாப்பிடலாம் தம்பி" என்றாள் அவள்.

சாயங்காலம் இரட்டைக் குழந்தைகளின் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "நம்ம கண்டக்டரை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களாம். ஓடுற பஸ்ஸுலயே வாந்தியாம், நிக்கவே முடியலையாம். டிரைவர்தான் கொண்டுபோய்ச் சேர்த்தாராம்."

 என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் யாருமில்லை. கையில் ஊசி ஏற்றி சலைன் ஓடிக்கொண்டிருந்தது, உதடு வெடித்திருந்தது. வராந்தாவில் ஒரு நர்ஸ் எங்களைச் சொந்தக்காரர்கள் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டு திட்டினார்.

"நேத்து காலைல வடிச்ச சோறாம். பகலெல்லாம், ராத்திரியெல்லாம் அடுப்பு மேலயே மூடி வச்சிருந்தாராம். அதைச் சுட வச்சுச் சாப்பிட்டிருக்காரு. வீட்ல யாரும் சொல்ல மாட்டீங்களா?"

"நல்லாத்தான் இருந்துச்சு சிஸ்டர்" என்றேன். "வாடையே இல்ல."

"சோறு கெட்டா எப்பவும் வாடை வரும்னு யார் சொன்னது? ஆறினதும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுல வைக்கணும். வெளியில கிடந்துச்சுன்னா அதுல விஷம் ஊறிடும், அப்புறம் எவ்வளவு சுட வச்சாலும் போகாது. மோந்து பாத்தா தெரியாது, நாக்குல வச்சாலும் தெரியாது. எப்ப வடிச்சதுன்னு கேட்டாத்தான் தெரியும்." வேறு யாரோ கூப்பிட்டதும் அவர் போய்விட்டார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளை ஓரமாக இழுத்தேன். "கேட்டியா? உன் மூக்கு இருந்திருந்தாலும் நல்லதுன்னுதான் சொல்லியிருப்பே. நம்ம மேல ஒரு தப்பும் இல்ல. வாயைத் திறக்காம பாத்துட்டு வந்துடலாம்."

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். என் புத்திசாலித்தனத்தை மெச்சுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப மூக்கு இருந்தப்பவும் எனக்கு ஒண்ணும் தெரியலையா?" என்றாள். "இருபது வருஷம், எத்தனை கிண்ணம். சாப்பிடலாம்னு சொன்னேன், சாப்பிட்டாங்க. அதுல யாருக்கெல்லாம் வயிறு வலிச்சுதோ. என்கிட்ட வந்து சொல்லியா இருப்பாங்க?"

நான் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு உள்ளே போனாள். கட்டில் அருகில் நின்றபடியே எல்லாவற்றையும் கண்டக்டரிடம் கொட்டிவிட்டாள். காய்ச்சல், பால், இருமல், ஒன்றையும் விடவில்லை. நான் கதவருகில் நின்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தைந்து வயதில் இப்படி மூக்கறுபட்டு நின்றது எனக்கு அதுதான் முதல் தடவை.

கண்டக்டர் கோபப்படவில்லை. "நேத்து சோறுன்னு எனக்குத் தெரியும்கா" என்றார். "தெரிஞ்சுதான் கொண்டுவந்தேன். நீங்க எதுவும் கேக்க மாட்டீங்க. மோந்து பாத்துட்டு சொல்லிடுவீங்க. அதனாலதான் எல்லாரும் உங்ககிட்ட வராங்க. எப்ப சமைச்சது, ஏன் மிஞ்சுச்சு, ஏன் ஃபிரிட்ஜுல வைக்கலன்னு நீங்க கேட்டதே இல்ல."

"வீட்டுக்குச் சொல்லியாச்சா தம்பி?" என்று நான் கேட்டேன்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் முதல் மாடிப் படியில் நின்று, போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொன்னாள். எனக்கு மூக்கு போய்விட்டது, போய் இரண்டு மாதமாகிறது, உங்களை ஏமாற்றினேன் என்றாள். வீட்டுக்குள் அழுதுவிட்டு வந்ததால் அங்கே அழவில்லை. சிலர் "ஐயோ பாவம்" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். மீன் வறுவல்காரர் என்னை முறைத்துவிட்டுப் போனார். இரட்டைக் குழந்தைகளின் அம்மாதான் கத்தினாள். "அந்தக் கோழி நல்லாத்தான் இருந்துச்சு, இல்லையா? அன்னிக்கு என் பிள்ளைங்க வெறும் ரொட்டி தின்னுதுங்கக்கா!" என் மனைவி, "ஆமாம்மா, நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள். வேறு என்ன சொல்வது?

அதன் பிறகும் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். பழக்கதோஷம். ஆனால் இப்போது அவள் கேள்வி கேட்டாள். எப்ப வச்சீங்க? மூடியா, திறந்தா? சுடச்சுட உள்ளே வச்சுட்டீங்களா, ஆறுறதுக்கு எவ்வளவு நேரம் வெளியில இருந்துச்சு? பச்சைக் கறியை எந்தத் தட்டுல வச்சிருக்கீங்க, மேலயா, அடியிலயா? அதுலேருந்து தண்ணி வடியுதா? கேட்கக் கேட்க அவர்கள் முகம் சுருங்கியது. தன் வீட்டு ஃபிரிட்ஜின் அடித்தட்டைப் பற்றிப் பேச யாருக்குப் பிடிக்கும்? "நாங்களே பாத்துக்கறோம்" என்று போய்விட்டார்கள். பிறகு ஒருவரும் வரவில்லை.

நான் முதல் தடவையாக நிம்மதியாகச் சாப்பிட்டேன். நிம்மதி என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வாரம் போனதும் கதவுப்பக்கம் அடிக்கடி பார்ப்பது அவளா நானா என்று எனக்கே தெரியவில்லை. அவள் வாங்கிப்போட்ட பேன்ட்டுகளை எல்லாம் தைத்து முடித்துவிட்டு, சும்மா இருக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பார்க்கச் சகிக்காது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் கதவு தட்டப்பட்டது. கண்டக்டர் நின்றார். சட்டை தொளதொளவென்று இருந்தது. கையில் ஒரு டப்பா.

"எனக்கு மூக்கு இல்லைன்னு தெரியும்ல தம்பி?" என்றாள் அவள்.

"தெரியும்கா. அதான் வந்தேன்."

அவள் டப்பாவை வாங்கி மேசைமேல் வைத்தாள். திறக்கவில்லை.

"எப்ப வடிச்சது?"

"நேத்து காலைல."

"ஃபிரிட்ஜுல எப்ப வச்சீங்க?"

"டியூட்டி முடிஞ்சு வந்துதான். எட்டு மணி இருக்கும்."

"அப்ப கொட்டிடணும்."

அவர் தலையாட்டினார். ஆனால் டப்பாவை எடுக்கவில்லை, போகவும் இல்லை. அவளும் விடவில்லை.

"தினமும் மிஞ்சுதா?"

"ஆமாக்கா."

"எத்தனை பேருக்குப் போடுறீங்க?"

"நாலு பேருக்கு."

"சாப்பிடுறது?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அவ வர மாட்டாக்கா" என்றார். "மாமியாருக்கு உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிள்ளைங்களையும் அங்கேயே பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டா. எட்டு மாசமா யார்கிட்டயும் சொல்லல. நாலு பேருக்குக் கீழ எனக்கு அளவு தெரியலக்கா."

நான் ஏதாவது ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டு எழுந்தாள். அரிசி டப்பாவைத் திறந்து, ஒரு டம்ளரில் பாதி அளவு அள்ளி, மேலே கையால் தட்டிச் சமன் செய்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஒரு ஆளுக்கு இது போதும் தம்பி."

அவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றார்.

"இவ்வளவுதானாக்கா?" என்றார்.