இறங்குகிற கோடு

சாயங்கால ஹார்பர் லைன் மின்சார ரயிலில், லேடீஸ் பெட்டியின் ஜன்னலோரத்தில்தான் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண்மணியைப் பார்ப்பேன். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அட்டையைக் கழற்றக்கூட மறந்திருப்பார். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஐந்தாறு வரைபடத் தாள்களை எடுத்து, மடியில் மாற்றி மாற்றி அடுக்குவார்.

ஒருநாள் என்னவென்று கேட்டேன்.

"கழிமுகத்துச் சேத்துல ஈயம் எவ்வளவு சேர்ந்திருக்குன்னு ஒரு பேப்பர் எழுதணும் மாமி. எழுதறதுக்கு முன்னாடி படத்தையெல்லாம் வரிசையா வெச்சுப் பாக்கணும். பாத்தாலே விஷயம் புரியணும், அப்பத்தான் அவுட்லைன் போட முடியும். மாசக்கணக்கா வரிசை வரமாட்டேங்கறது."

எல்லாத் தாளிலும் கோடு ஏறியது. ஒன்றில் மட்டும் இறங்கியது.

"இதை எடுத்துட்டா சரியா வந்துடுமே?" என்றேன்.

"வந்துடும். எங்க பாஸும் அதான் சொல்றார்."

சிரிக்கவும் தெம்பில்லாமல் சிரித்தார். அந்தத் தாளைக் கடைசியில் செருகினார். வடாலா ஸ்டேஷன் தாண்டியதும் அதை உருவி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

"இது ஏன் எறங்கறதுங்கற கேள்வியிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும் மாமி. இத்தனை நாள் போட்ட அவுட்லைன் எல்லாம் பேக்கார், வீண்."

"அப்போ?"

"மறுபடியும் முதல்லேர்ந்துதான், வேறென்ன."

அந்தப் பேப்பர் எழுதி முடிந்ததா என்று எனக்குத் தெரியாது. அன்று சுனாபட்டி ஸ்டேஷனில் நான் இறங்க எழுந்தபோது அவர் தூங்கிப்போயிருந்தார். கை மட்டும் அந்த இறங்குகிற கோட்டை, ஜன்னல் காற்றில் பறந்துவிடாதபடி, அழுத்திப் பிடித்திருந்தது.