புபாத்துக்குப் பிறகு ஒரு சம்பந்தம்

பர்மோவுக்கு முப்பத்தொரு வயதில் பெண் கிடைத்ததே பெரும்பாடு. அவன் ஜாவாக்காரன். ஒரு காலத்தில் மஜாபாஹித் பேரரசின் தலைநகராக இருந்த திரோவுலானில், மண்வெட்டி பட்ட இடமெல்லாம் பழைய செங்கல் தட்டுப்படுகிற ஊரில் பிறந்தவன். வேலை பாண்டுங்கில், ரயில்வே சிக்னல் கேபினில். பெண் இமாஸ், பாண்டுங் பக்கத்துச் சுந்தாக்காரி.

சுந்தாப் பெண்ணை ஜாவாக்காரனுக்குக் கொடுக்க யோசிப்பார்கள். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் சுந்தா ராஜா தன் மகளை மஜாபாஹித் ராஜாவுக்குக் கட்டிவைக்கக் கூட்டிப்போனார். திரோவுலானை ஒட்டிய புபாத் மைதானத்தில் இறங்கியதும் மந்திரி கஜ மடா, பெண்ணைக் கப்பமாகக் கொடு என்றாராம். மறுத்த சுந்தா ராஜாவும் கூடப்போனவர்களும் வெட்டுப்பட்டார்கள். பெண் தன்னையே மாய்த்துக்கொண்டாள். அந்த மந்திரி பெயரில் நாடெங்கும் தெருக்கள் உண்டு. 1979இல் பாண்டுங்கில் ஒன்றுகூட இல்லை.

இமாஸின் அப்பா ஜுஹானா பள்ளிக்கூட வாத்தியார். தீவுகளை ஒன்றாக்குவேன் என்று அதே மந்திரி சபதம் செய்த பாடத்தை அரசாங்கப் புத்தகத்தில் உள்ளபடி வருஷந்தோறும் நடத்துகிறவர். இரண்டு வருஷம் பர்மோ அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தான்.

"எல்லா இலையையும் சுந்தாக்காரங்க நீங்களே பச்சையா தின்னுட்டா ஆடு எங்க போகும், நெங்?" என்பான் இமாஸிடம். அவளை அவள் வழக்கப்படி நெங் என்பான், அவனை அவன் வழக்கப்படி மாஸ் என்பாள்.

"குழம்புல வெல்லம் போடுற ஜாவா ஆளுங்க பேசலாமா, மாஸ்?"

ஒருநாள் ஜுஹானா சிரித்துவிட்டார். பெருநாள் கழிந்து கல்யாணம், பெண் வீட்டில், என்று முடிவாயிற்று.

அதற்குள் ஊரிலிருந்து கடிதம். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறாள், கண்மூடுமுன் மகனை மாப்பிள்ளைக் கோலத்தில் பார்க்க ஆசைப்படுகிறாள். பர்மோ ஓடியாடிப் பதினோரு பேருக்கு ரயில் பாஸ் வாங்கிவந்து மேசையில் பரப்பினான்.

"அபா, கல்யாணத்தை எங்க ஊர்ல வெச்சுக்கலாம். ஒரு ராத்திரிப் பயணந்தான்," என்றான் ஜுஹானாவிடம். அப்பாவைச் சுந்தாவில் அபா என்பார்கள்.

ஒருவரும் பாஸைத் தொடவில்லை.

"பொண்ணக் கூட்டிக்கிட்டு நாங்க அங்க வரணும்," என்றார் ஜுஹானா.

"ஆமா, அபா."

"திரோவுலானுக்கு."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதுவரை அம்மா படுத்திருக்கிற கட்டிலைத் தவிர வேறொன்றும் அவன் நினைப்பில் இல்லாமல் போயிருந்தது.

"அது ராஜா காலத்துக் கதை, அபா. எங்கம்மாவால எழுந்து உக்காரக்கூட முடியாது."

"முப்பது வருஷமா உங்க மந்திரிய என் வாயால புகழ்ந்துக்கிட்டிருக்கேன். அது சம்பளத்துக்குப்பா. என் பொண்ண அங்க கொண்டுபோய் எறக்க என்னால ஆகாது. உங்கம்மாவ இங்க கொண்டா, நானே தோள்ல தூக்கிட்டு வரேன்."

இமாஸ் வாசல் கதவுவரை வந்தாள்.

"நான் மட்டும் வந்தா என்ன, மாஸ்?"

"அபா கையால குடுக்காம நிக்காஹ் ஏது, நெங்?"

"தெரியும். சும்மா கேட்டேன்."

அம்மாவை ரயிலேற்ற வைத்தியர் சம்மதிக்கவில்லை. பர்மோ தனியாகப் போனான்.

"பொண்ணு எங்க, லே?" என்றாள் அம்மா.

"வந்துக்கிட்டிருக்கா."

மூன்று வாரம் அதையே சொன்னான். நான்காம் வாரம் கேட்க அவள் இல்லை.

நாற்பதாம் நாள் விருந்து முடிந்து வேலைக்குத் திரும்பினான். அன்று மாலையே ஜுஹானா மூச்சிரைக்கக் கேபின் படியேறி வந்தார். இமாஸ் சமைத்த சோற்றுப் பொட்டலத்தை நீட்டினார்.

"நடந்தது நடந்துபோச்சு. இனிமே தடை ஒண்ணும் இல்லையேப்பா. எங்க வீட்டுலயே முடிச்சுடலாம்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அது பர்மோவுக்கும் தெரியும்.

"எங்கம்மாதான் தடையா இருந்தாங்களா, அபா?"

"அப்படிச் சொல்லலப்பா."

"தெரியும்."

மணி அடித்தது. சரக்கு வண்டி. பர்மோ நெம்புகோலைப் பிடித்து இழுத்தான். வண்டி கடந்து முடியச் சற்று நேரமாயிற்று. திரும்பியபோது கிழவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார். அறுநூறு வருஷத்துக் கதையை விடமாட்டேன் என்கிறாரே என்று அவர்மேல் எரிச்சல்பட்டவன்தான் பர்மோ. அவனால் அந்த மூன்று வாரத்தை விட முடியவில்லை.

இமாஸை மறுவருஷம் பக்கத்துக் காரூட்டில் கட்டிக்கொடுத்தார்கள்.