வராத இதழுக்கு மூன்று கடிதம்

காலை ஒன்பதே காலுக்கு ஆனந்தமேரி தபால் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். மேசையில் ஓர் உறைகூட இல்லை. கணினியில் ஒரு வேதியியல் இதழின் பெயரைத் தட்டிவிட்டு டீத் தம்ளரை எடுக்கிறார். ஒரு மடக்கு, இரண்டு மடக்கு. அட்டைப்படம் தலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. இந்த மாத இதழ் திறக்கிறதா, பழையவை திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பக்கத்து இரும்பு அலமாரியின் தட்டை இழுத்து அந்த இதழுக்குரிய அட்டையில் நீல டிக் போடுகிறார். திறக்காவிட்டால் சிவப்பு. அடுத்தது.

திண்டுக்கல்லை ஒட்டிய கல்லூரி ஒன்றின் நூலகத்தில், இதழ்ப் பிரிவில் பத்தொன்பது வருடமாக, வரவேண்டிய இதழ் வந்ததா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. வடமதுரையிலிருந்து எட்டுப் பத்து பஸ். கைப்பையில் உறை கிழிக்கும் கத்தரிக்கோல். உறைகள் நின்றுபோன பிறகு, அது மத்தியானம் ஆயக்குடிக் கொய்யாவை நாலாக வகிர உதவுகிறது.

அவருடைய ஆயுதம் அதுவல்ல, நினைவூட்டல் கடிதம். ஓர் இதழ் வரவில்லையா, பதிப்பகத்துக்கு ஒரு கடிதம். பதினைந்து நாளில் இரண்டாவது. பிறகு மூன்றாவது. நெதர்லாந்துக்காரர்களும் தப்பியதில்லை, எட்டுப் பத்து பஸ்ஸைத் தாமதமாக விட்ட டிப்போவும் தப்பியதில்லை. கணவர் பிராங்கிளின் உரக்கடைக்காரர். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்: "பொண்ணு பாத்துட்டு வந்து பதில் சொல்லக் கொஞ்சம் லேட்டாச்சு. மூணு கடுதாசி வந்துச்சுல்ல! மூணாவதுல தேதி சீலு வேற குத்தியிருந்துச்சு."

முன்பு அந்தப் பிரிவில் ஐந்து பேர். இருநூற்றுச் சொச்சம் இதழ்கள் தபாலில் வந்தன. 2001இல் மின்னிதழ்கள் நுழைந்தன. அச்சில் வருவது நாற்பதாகச் சுருங்கி, பிறகு அதுவும் நின்றது. ஒருவர் ஓய்வுபெற, அந்த இடம் நிரப்பப்படவில்லை. இருவர் அலுவலகத்துக்குப் போனார்கள். சீல் குத்தி அடுக்கிவைக்கும் மூக்கையாவை விடுதிக்கு மாற்றினார்கள். 2004 பிப்ரவரியில் கடைசி ஆளுக்கும் உத்தரவு வந்தது: ஜூன் ஒன்று முதல் ஆனந்தமேரி தேர்வுப் பிரிவில், விடைத்தாள் கட்டுகளுக்கு எண் போட வேண்டும்.

"எல்லாம் கம்ப்யூட்டர்ல தானா வந்துடுதும்மா. வந்ததைக் குறிச்சுவைக்க ஓர் ஆள் எதுக்கு?" என்றார் முதல்வர் ஞானராஜ் ஃபாதர். கேள்வி நியாயமானதுதான். ஆனந்தமேரி மறுப்புக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பினார். அலமாரியில் காலியாகக் கிடந்த தட்டுகளில் மின்னிதழ்களுக்கும் அட்டை எழுதிச் செருகினார்.

மூக்கையா விடுதியிலிருந்து டீக்கு வரும்போதெல்லாம் சீண்டுவார். "ஏக்கா, காத்துல வர்ற புஸ்தகத்துக்கு டிக்கு போடுற ஒரே ஆளு ஒலகத்துலயே நீதேன்."

"காத்துல வந்தா மட்டும் வந்து சேந்துருச்சுன்னு ஆயிருமாடா? கதவைத் தட்டிப் பாக்க வேணாமா?"

தட்டிப் பார்த்ததில்தான் தெரிந்தது. ஒரே நிறுவனத்தின் பதினேழு இதழ்கள் திறக்கவே இல்லை. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீரைப் பற்றி ஆய்வு செய்யும் குர்ஷித் பேகம் தினமும் வந்து நிற்பாள். "மேரிக்கா, இன்னைக்காச்சும்?" சிவப்பு. நிறுவனத்துக்கு முதல் கடிதம் போயிற்று. உங்கள் கல்லூரியின் இணைய லைனில்தான் கோளாறு என்று பதில் வந்தது. இரண்டாவதுக்கும் அதே பதில். மூன்றாவதுக்குப் பதிலே இல்லை.

ஏப்ரலில் சந்தாவைப் புதுப்பிக்க அந்த நிறுவனத்திலிருந்து செழியன் வந்தார். கழுத்துப்பட்டை, மடிக்கணினி, மணக்க மணக்கப் பேச்சு. இதழ்ப் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி ஃபாதர் ஆளனுப்பினார். ஆனந்தமேரி பட்டியலோடு போகவில்லை, அட்டைகளோடு போனார். பின்னால் மூக்கையா இரண்டு தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"எல்லாமே வருஷம் பூரா திறந்துதான் இருக்கு, ஃபாதர். மேடத்துக்கு லைன் பிராப்ளம்" என்றார் செழியன்.

"லைனு கெட்டா எல்லாந்தேன் கெடும். அதே மிஷினு, அதே காலைல மத்த கம்பெனிது நூத்திருபதும் தொறக்குது." ஆனந்தமேரி பதினேழு அட்டைகளையும் மேசையில் பரப்பினார். "ஒங்க பதினேழுக்கு மட்டும் எப்படி அப்பு தெனமும் காய்ச்சல் வருது? இந்தா, அறுபத்தொரு நாளு."

மேசை முழுக்கச் சிவப்பு. ஃபாதர் ஓர் அட்டையை எடுத்துக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் பார்த்தார்.

"நம்ம லைன் வேணாம். ஒங்க பெட்டியிலயே, ஒங்க போன்ல மாட்டித் தொறந்து காட்டுங்க தம்பி. செத்த நேரந்தான?" என்றார் ஆனந்தமேரி.

செழியன் திறந்தார். கல்லூரியின் கடவுச்சொல்லைத் தட்டினார். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று திரை பணிவாகச் சொன்னது. இரண்டாவது இதழும் அதையே சொன்னது. ஐந்தாவதில் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். ஒன்பதாவதில் சென்னைக்குப் போன் போட்டார். கல்லூரியின் பெயரைச் சந்தாதாரர் பட்டியலில் ஏற்றும்போது அங்கே யாரோ பெயரில் பாதியை விட்டுவிட்டார்களாம்.

"ஓர் ஆள் பார்க்கலைன்னா இது நமக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார் ஃபாதர், யாரிடமென்று இல்லாமல்.

மூன்றாம் நாள் பதினேழும் திறந்தன. வராத நாட்களை அடுத்த வருடத்தில் சேர்த்துத் தருவதாக நிறுவனம் எழுதிக் கொடுத்தது. குர்ஷித் பேகம் முதல் கட்டுரையை அச்செடுத்து, சூடு ஆறுவதற்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். மே மாதம் நூலக வாசலில் 'மின்னிதழ்ப் பிரிவு' என்று பலகை ஏறியது. அதில் மூன்று பணியிடம். மூக்கையா விடுதிச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்து கணினியின் முன் உட்கார்ந்து, "எங்கக்கா தட்டணும்?" என்றார்.

அன்றைக்கே ஆனந்தமேரிக்கும் அலுவலகத்திலிருந்து ஓர் உறை வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு கத்தரிக்கோல் தன் சொந்த வேலையைச் செய்தது. இடமாற்றம் ரத்து. இரண்டு முறை படித்தார். தேதி சீலை எடுத்து அதன் நெற்றியில் குத்தினார். பிறகு அலமாரியின் கடைசித் தட்டை இழுத்தார். அங்கே தனியாக ஓர் அட்டை இருந்தது. தலைப்பில் அவர் பெயர். அதன் கீழே பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் தேதியிட்ட மூன்று சிவப்புக் குறிகள், ஃபாதருக்கு எழுதிப் பதில் வராத மூன்று கடிதங்களுக்கு.

சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு, நான்காவது கட்டத்தில் நிறுத்தி நிதானமாக ஒரு நீல டிக் போட்டார்.