யாந்தேக்காவின் இரண்டு கரண்டி

யாந்தேக்காவுக்குச் சின்னப் பாத்திரத்தில் சமைக்க வராது. டக்கார் நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து பெரிய குடும்பத்துக்குப் பொங்கிய கை. மதியம் ஆனால் புருஷன், கொழுந்தன்கள், பிள்ளைகள் எல்லோரும் வீடு வந்து ஒரே சகனை, அந்தப் பெரிய வட்டத் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு ஆபீஸ்களில் சாப்பாட்டு இடைவேளையை அரை மணியாகச் சுருக்கினார்கள். சாலை நெரிசலைக் கேட்கவே வேண்டாம். ஒவ்வொருவராக வருவது நின்றது. கடைசியில் சகன் நிறைய மீன்சோறு, எதிரே அவர் மட்டும்.

அழுதுகொண்டு உட்காருகிற ஆள் இல்லை அவர். ஆபீஸ் தெருவில் என் செருப்புக் கடையை ஒட்டி ஒரு கொட்டகை போட்டார். அங்கேயும் சகன்தான். முன்பின் தெரியாத ஐந்து பேரைச் சுற்றி உட்கார வைத்து, நடுவிலிருக்கும் மீனைத் தானே பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவிடுவார்; அவரவர் பக்கம் இருப்பதைத்தான் தின்ன வேண்டும். மேனேஜரும் டாக்சிக்காரரும் முட்டி இடிக்க உட்கார்ந்து தின்பார்கள். தனித்தட்டு கேட்டால், "தனியா திங்க நீ என்ன நோயாளியா?" என்பார். சட்டியின் காந்தல் எனக்கு. அதற்காகவே நான் கடையை வேறு தெருவுக்கு மாற்றவில்லை.

இப்போது அந்த அரை மணியும் போய்விட்டது. கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே தின்கிறார்கள். கொஞ்சம் தள்ளி ஒருவன் கோழியையும் உருளைக்கிழங்கு வறுவலையும் டப்பாவில் அடைத்து விற்க, ஸ்கூட்டர்கள் அங்கே மொய்த்தன. யாந்தேக்காவின் சகன்கள் குறைந்து ஒன்றே ஒன்று மிஞ்சியது. மாதக் கடைசியில் கொட்டகையைக் காலி செய்துவிட வேண்டியதுதான் என்று ஆகிவிட்டது. நீங்களும் டப்பா போடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். வெளியே எடுத்துப் போகிற சோறு பிச்சைச் சோறு என்றார். சில நாள் எனக்குக் காந்தலும் வரவில்லை.

அவர் புருஷன் சேமு எதிர்க் கட்டடத்தில் காவலாளி. வாசலைவிட்டு நகர்ந்தால் வேலை போய்விடும். மதியம் அவருக்கு ரொட்டிக்குள் வைத்த காராமணி மசியல்தான். பெண்டாட்டி கைச்சோற்றை ஊரே தின்கிறது, கட்டியவன் எதிரே ரொட்டியைக் கடிக்கிறான் என்று நான் கிண்டல் செய்வேன். இராத்திரி வீட்டில் சேர்ந்து சாப்பிடுகிறோமே என்று சிரிப்பார்.

ஒருநாள் நல்ல மழை. கொட்டகையில் ஈ காக்கை இல்லை. வாடிக்கையாளர்கள் மறைக்காததால் அன்றுதான் எதிர் வாசல் அக்காவின் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. சேமு எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு ரொட்டியைத் தின்றார். எங்கள் ஊரில் சாப்பிடுகிறவன் எதிரே போகிறவனை வா என்று கூப்பிட வேண்டும். ஒருவன் வயிற்றுக்கே போதாத ரொட்டியை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது? அந்த வெட்கத்தில்தான் முதுகைக் காட்டினார்.

யாந்தேக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு என்னிடம், "அந்தக் கோழிக்காரன்கிட்ட போயி ஒரு டப்பா வாங்கிட்டு வா," என்றார்.

"கோழியோடயா?"

"வெறும் டப்பா."

அவன் இளித்துக்கொண்டே கொடுத்தான். அக்கா அதில் சோற்றை அமுக்கி, மேலே மீனை வைத்து, இரண்டு கரண்டிகளை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். குடை பிடிக்கிற சாக்கில் நானும் போனேன். அக்கா சேமுவின் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்.

"இத்துனூண்டு டப்பாவுல ரெண்டு பேருக்கு எங்க எடம்?" என்றார் சேமு.

அக்கா மீனைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினார். "உங்க பக்கம் இருக்கறத மட்டும் சாப்புடுங்க. என் பக்கம் வரப்படாது."

சேமுவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. மிளகாய் அதிகம் என்றார். எனக்கே கண் கரித்தது, நான் ஒரு வாய்கூடத் தின்னவில்லை.

மறுநாளே கொட்டகையில் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. ஸ்கூட்டர்கள் இங்கேயும் மொய்க்க, கொட்டகை தப்பித்தது. நான்காவது மாடியில் வேலை செய்யும் ஒரு பெண் வாங்கிப் போன டப்பாவோடு இறங்கி வந்தாள்.

"அக்கா, நான் ஒரு ஆளுதானே? ரெண்டு கரண்டி போட்டுட்டீங்க."

யாந்தேக்கா மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன், பக்கத்து சீட்டுல ஆளே இல்லியா?"