ஸ்டாண்ட் எத்தனை பேரைத் தாங்கும்

கூட்டத்தைக் கண்டால் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. தொழில் தந்த வியாதி அது. மொன்றியலின் வில்லரேயில் ஒரு கார்தெரியில், அதாவது சின்னப்பிள்ளைகள் காப்பகத்தில், நீண்ட காலமாக வேலை செய்கிறேன். ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும் தலைகளை எண்ண வேண்டும். பூங்காவுக்குப் போகும்போது எண்ண வேண்டும், திரும்பும்போதும் எண்ண வேண்டும். ஒரு தலை குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சியில் விலாவாரியாகச் சொல்லித் தந்தார்கள். தலைகள் கூடிப்போனால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்குத் தேவையும் வரவில்லை, அந்த ஜூலை மாதம் வரைக்கும்.

என் கணவர் யாழ்ப்பாணத்தில் தான் படித்த கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்குச் செயலாளர். வருடத்துக்கொருமுறை யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் எல்லாம் இங்கே மொன்றியலில் கூடிக் கால்பந்து விளையாடுவார்கள். தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஐம்பது வயதுக்காரர்களுக்கு ஒரு ஆட்டம், பெடியன்களுக்கு ஒரு ஆட்டம். முன்பெல்லாம் பூங்கா மைதானத்தில்தான் நடக்கும். அந்த வருடம் கணவருக்குப் பெருமை தலைக்கேறி, நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் விளையாட்டரங்கை வாடகைக்கு எடுத்துவிட்டார்.

அதன் வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது, இருக்கைகள் ஐயாயிரம் என்று. கணவர் அதன் கீழே நின்று படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார்.

முதன்முறை இடம் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். அவருடைய பிரெஞ்சு bonjour-இல் தொடங்கி merci-யில் முடிந்துவிடும். மைதானத்தைப் பராமரிக்கிறவர் நரைத்த மீசை வைத்த ஒரு கியூபெக்காரர், ஆங்கிலம் பேச விருப்பமில்லாதவர். அதனால் நான்தான் நடுவில் நின்று கதைத்தேன். உண்மையிலேயே ஐயாயிரம் பேர் இருக்கலாமா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். மனிதர் சிரித்தார்.

அந்தக் கணக்கு அரங்கைக் கட்டிய காலத்துக் கணக்காம். எதிர்ப்பக்கத்து நீள இருக்கை வாங்குகளைக் கழற்றிப் பல வருடமாகிவிட்டது. அங்கே இப்போது புல்தான் இருக்கிறது. ஆனால் வாசல் பலகையை மட்டும் ஒருவரும் மாற்றவில்லை. கல்லூரி அணி விளையாடினால் வந்தவர்கள் இரண்டாயிரம், மூவாயிரம் என்று அவர்களுடைய செய்தியில் போடுவார்களாம். அது கொடுத்த டிக்கெட்டின் கணக்கு. உண்மையில் வந்து இருப்பது விளையாடுகிற பிள்ளைகளின் தாய் தகப்பனும், சினேகிதிகளும், யாரோ கூட்டிவரும் ஒரு நாயும்.

"நான் இங்கே வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட இது நிரம்பியதில்லை, மதாம்," என்றார்.

"அப்படியென்றால் உண்மையில் எத்தனை பேரைத் தாங்கும்?"

உதட்டைக் குவித்துக் காற்றை ஊதினார். இங்கத்தைய ஆட்களுக்கு அது ஒரு பதில். பிறகு, பரந்து இருந்தால் பிரச்சினை இல்லை என்றும், எல்லாரும் ஒரே இடத்தில் போய் இருக்க வேண்டாம் என்றும் சொன்னார். சொல்லும்போது மேல்மூலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சீமெந்துப் படிகள் முடிகிற இடத்தில், ஆட்கள் இருந்து பார்க்கவென்று பின்னாளில் ஒட்டவைத்த ஒரு இரும்பு ஸ்டாண்ட் அங்கே இருந்தது. எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

கணவரிடம் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எங்கட சனம் ஆயிரம் பேர் வந்தாலே பெரிய காரியம். பாதி வாங்கு சும்மா கிடக்கப் போகுது. நீர் ஏன் வீணாப் பயப்பிடுறீர்?"

கல்லூரிக்கு அவர் கொடுத்த எண்ணிக்கையோ அதையும்விடக் குறைவு. விற்ற டிக்கெட்டை அப்படியே சொல்லிவிட்டார். ஆனால் எங்கள் டிக்கெட் ஆளுக்கு ஒன்று இல்லை, குடும்பத்துக்கு ஒன்று. எங்களில் குடும்பம் என்றால் எதுவரைக்கும் என்று கல்லூரி கேட்கவுமில்லை, இவர் சொல்லவுமில்லை. தாய் தகப்பன் பிள்ளைகள் மட்டுமா வருவார்கள்? மாமா வருவார், மாமாவின் மச்சான் ரொறன்ரோவிலிருந்து வந்து நிற்பார், அவருடைய வான் வண்டியில் இடமிருந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர்களும் ஏறி வந்திருப்பார்கள். எல்லாரும் ஒரே டிக்கெட்டைக் காட்டிக்கொண்டு உள்ளே வருவார்கள். வாசலில் நிற்கிற பெடியன் முறை சொல்லிக் கும்பிட்டு உள்ளே விடுவான்.

அன்று நல்ல வெயில். அதற்கு முதல் இரண்டு மூன்று நாள் மழை பெய்து, நிலமெல்லாம் ஆவி கிளப்பிக்கொண்டிருந்தது. புரோசார்ட்டிலிருந்தும் கர்க்லாண்டிலிருந்தும் சனம் வந்துகொண்டே இருந்தது. நான் வழக்கம்போல எண்ணத் தொடங்கி, ஒரு கட்டத்துக்குப் பிறகு விட்டுவிட்டேன்.

வந்தவர்கள் பரந்து இருந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்த அரங்கு முழுவதிலும் நிழல் விழுகிற இடம் ஒன்றுதான், பின்னால் மேப்பிள் மரங்கள் நின்ற அந்த இரும்பு ஸ்டாண்ட். எங்கள் சனத்தைப் பற்றித் தெரியும்தானே. எத்தனையோ கஷ்டத்தைத் தாண்டி வந்தோம், வெயிலில் கறுத்துவிடுவோம் என்ற பயத்தை மட்டும் தாண்டவில்லை. மத்தியானத்துக்குள் குடும்பம் குடும்பமாகப் பாயையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் மேல்மூலைக்கு ஏறிவிட்டார்கள். மற்றச் சீமெந்துப் படிகளெல்லாம் வெறுமையாக வெளுத்துக் கிடந்தன. ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏற்றிய லொறி மாதிரி இருந்தது அந்த இடம். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

என் மகளையும் அங்கேதான் இருத்தியிருந்தேன். அவளுக்கு ஏழாம் மாதம். அவளுடைய புருஷன், என் மருமகன், விளையாடுகிறான், பார்க்காமல் இருக்க மாட்டேன் என்று வந்திருந்தாள். காற்றுப் படட்டும் என்று நானே இடம் பார்த்து, ஓரமாக, தலையணை வைத்து இருத்தினேன்.

கடைசி ஆட்டம் தொடங்கியபோது பெடியன்கள் மேளத்தோடு ஏறிவந்து காலால் இரும்பில் தட்டத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, ஸ்டாண்டுக்குக் கீழே சின்னப்பிள்ளைகளின் குரல் கேட்டது. நிழல் தேடி அதுகள் அங்கே புகுந்து விளையாடிக்கொண்டிருந்தன. அவர்களைக் கூப்பிடக் குனிந்து உள்ளே போனேன்.

உள்ளே இருட்டாக இருந்தது. தலைக்கு மேலே வாங்கின் இடுக்குகளில் செருப்புகளும் சேலைக் கரைகளும் தெரிந்தன. ஸ்டாண்டின் இரும்புக் கால்கள் மண்ணில் போட்ட பலகைகளின்மேல் நின்றன. ஓரத்துக் காலின் பலகை நடுவால் பிளந்து, கால் ஒருபக்கம் சரிந்திருந்தது. மேலே மேளத்துக்கு ஒவ்வொருதரம் தட்டும்போதும் அந்தப் பலகையின் அடியிலிருந்து சேற்றுத்தண்ணீர் பீச்சி அடித்தது. தட்டு நின்றால் அதுவும் நின்றது. திரும்பத் தட்டினால் திரும்பவும் பீச்சியது. அண்ணாந்து பார்த்தேன். நேர்மேலே என் மகளின் நீலச் செருப்புத் தெரிந்தது.

கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. பிள்ளைகளை ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கச்சொல்லி ரயில் ஓட்டி வெளியே கொண்டுவந்து, ஐஸ்பழக் கடைப்பக்கம் அனுப்பினேன். பிறகு அந்தப் பராமரிப்பாளரைக் கூட்டிவந்து காட்டினேன். மண்டியிட்டுப் பார்த்தார். எழும்பித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எல்லாரையும் இறக்கு, மெதுவாக, ஒருவரும் ஓடக்கூடாது என்று மட்டும் சொன்னார். தீயணைப்புப் படைக்குப் போன் அடிக்கப் போனவர், சங்கு ஊதாமல் வரச் சொல்கிறேன் என்று திரும்பி நின்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளிறி மைக்கை எடுத்தார். நான் பறித்தேன்.

"மைக்கில சொன்னால் ஒண்டில் ஒருத்தரும் கேளாயினம், இல்லாட்டி எல்லாரும் ஒரேயடியா ஓடுவினம். உங்களுக்குத் தெரியாதே?"

அவருக்குத் தெரியும். ஒலிபெருக்கியில் 'பதற்றப்பட வேண்டாம்' என்று கேட்டவுடனே செருப்பைத் தேடுகிற சனம் நாங்கள். ஊரில் அப்படித்தான் உயிர் தப்பினோம். அந்த ஒடுக்கமான இரும்புப் படியில் அது நடந்தால் ஸ்டாண்ட் விழத் தேவையே இல்லை.

அப்போதுதான் எனக்குக் கலியாணம் சொல்கிற முறை ஞாபகம் வந்தது. எங்களில் கார்டை அனுப்பினால் ஒருவரும் வரமாட்டார்கள். வீட்டுக்கு வீடு நேரில் போய், அந்த வீட்டுப் பெரியவரிடம் பணிவாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் மறுக்கமாட்டார்கள். ஆகவே இங்கேயும் குடும்பம் குடும்பமாகப் போய்ச் சொல்லுவோம் என்றேன். நிழலை விட்டு வர ஒரு காரணம் வேண்டும். அதற்கு வடையைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

கணவர் தலையாட்டினார். "சரி. முதல்ல பிள்ளையை இறக்குவம்," என்றார்.

"இல்லை," என்றேன்.

அதை நான்தான் சொன்னேன், அவர் இல்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி எழும்பினால் சுற்றிவர இருக்கிற பெண்களெல்லாம் எழும்புவார்கள். என்ன பிள்ளை, வயித்துநோ கண்டிட்டுதோ, தண்ணி குடு, காத்து விடுங்கோ என்று அத்தனை பேரும் அவளைச் சுற்றி, அந்த ஓரத்தில், அந்தக் காலுக்கு நேர்மேலே வந்து நிற்பார்கள். அவளைக் கடைசியாகத்தான் இறக்க வேண்டும். கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படி அவர் என்னைப் பார்த்ததில்லை. பிறகு இடதுபக்கமாக ஏறினார். நான் வலதுபக்கமாக ஏறினேன்.

மேல்வரிசையிலிருந்து தொடங்கினோம்.

"அண்ணை, மற்றப் பக்கத்தில சர்பத்தும் வடையும் குடுக்கப்போகினம். இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உங்கட ஆக்களைக் கூட்டிக்கொண்டு மெல்லமா இறங்குங்கோ."

"அக்கா, வடை சுடச்சுட இருக்கு. பேந்து வந்தா கிடையாது. சத்தம் போடாமல் வாங்கோ."

ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களுக்கு மட்டும் சொல்கிற இரகசியம் மாதிரிச் சொன்னேன். சிரித்துச் சிரித்துச் சொன்னேன். முதுகில் வியர்வை ஓடியது. உள்ளங்காலில் இரும்பின் நடுக்கம் தெரிந்தது. மேளக்காரப் பெடியன்களை ஒரு பெரியவர் வடை என்ற பெயரில் இழுத்துக்கொண்டு போனார், அந்த மனிதருக்கு வாழ்நாள் முழுக்க நன்றி. இன்னொருவர் ஆட்டம் முடியாமல் எழும்பமாட்டேன் என்று அடம்பிடித்தார். அந்த ஆளைக் கழுத்தில் பிடித்துத் தள்ள வேண்டும்போல ஆத்திரம் வந்தது. கும்பிட்டுக் கேட்டேன். எழும்பினார்.

ஒவ்வொருமுறை ஏறி இறங்கும்போதும் மகளைக் கடந்துதான் போனேன்.

"அம்மா, எனக்கு வடை இல்லையே?"

"நீ இரு பிள்ளை. சனம் இறங்கட்டும். நெரிசலுக்குள்ள நீ வரவேண்டாம்."

அவள் சரியென்று தலையாட்டிவிட்டு ஆட்டத்தைப் பார்த்தாள். நான் சொன்னதை நம்பி இருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்க்காமல் அடுத்த குடும்பத்திடம் போனேன்.

பாதிப்பேர் இறங்கியிருப்பார்கள், மருமகன் கோல் அடித்தான். மிச்சமிருந்த சனம் முழுவதும் ஒரே நேரத்தில் குதித்தது. என் மகள் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு எழும்பிக் கைதட்டினாள். அடியில் மரம் முறிகிற சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது, அந்தப் பக்கத்துப் படியில் நின்ற கணவருக்கும் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சாமி பெயர்கூட வாயில் வராமல் நின்றேன். ஸ்டாண்ட் நின்றது. சனம் திரும்ப உட்கார்ந்தது. நான் அடுத்த குடும்பத்திடம் போய் வடையைப் பற்றிச் சொன்னேன்.

கடைசியாக அவளிடம் போனேன். கையைப் பிடித்துப் படிப்படியாக இறக்கினேன். கை ஏன் இப்படி ஈரமாக இருக்கிறது என்று கேட்டாள். அவளுடைய இரண்டு காலும் சீமெந்தில் பட்டு, பத்தடி நடந்திருப்போம், பின்னால் இரும்பின் ஒரு முனகல். திரும்பிப் பார்த்தோம். அவள் இருந்த மூலை ஒரு முழம் கீழே இறங்கி, சரிந்து நின்றது. தலையணை மெதுவாக வழுக்கி இடுக்கால் விழுந்தது.

அவ்வளவுதான் நடந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து நாடா கட்டினார்கள். அடுத்த கிழமை கல்லூரி அந்த ஸ்டாண்டைக் கழற்றிவிட்டது. வடை இல்லாததற்குச் சனம் எங்களைத் திட்டியது. வெயிலில் இருத்தியதற்கும் திட்டியது. பிறகு விஷயம் தெரிந்து, கூட்டம் கூடி எனக்கு ஒரு மாலையும் போட்டார்கள். மகள் அதற்கு வரவில்லை.

ஆட்டத்தன்று வீடு திரும்பும்போது காரில்தான் அவள் கேட்டாள். பின்சீற்றில் இருந்து, வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, அது உடைஞ்சிருக்கெண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"கீழ நிண்ட பிள்ளையளை வெளியில எடுக்கேக்க."

"அப்ப, எனக்குப் பக்கத்தால போகேக்க எல்லாம் தெரியும்."

"ஓம்."

ஏன் அப்படிச் செய்தேன் என்று விளக்கினேன். எழும்பியிருந்தால் பெண்கள் சுற்றியிருப்பார்கள் என்றும், அது இன்னும் மோசமாகியிருக்கும் என்றும் சொன்னேன். மகள் முழுவதையும் கேட்டாள். பிறகு பிரெஞ்சில், அந்நியருக்குச் சொல்வதுபோல, விளங்குகிறது, நீங்கள் செய்தது சரிதான் என்றாள். வீட்டில் அவள் என்னோடு பிரெஞ்சு பேசியது அதுதான் முதல்தடவை.

சரியாகத்தான் செய்தேன். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. திரும்ப அப்படி ஒரு நாள் வந்தாலும் அதையே செய்வேன், அது அவளுக்கும் தெரியும். பேரன் இப்போது ஓடித் திரிகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் கூட்டிவருவாள், நான் சமைத்ததைச் சாப்பிடுவாள், கதைப்பாள், சிரிப்பாள். கேட்டால் பேரனைத் தூக்கி என் கையில் தருவாள். தந்துவிட்டு, அவன் திரும்பத் தன் கைக்கு வரும்வரை அவள் உட்காருவதில்லை.