கடைசித் தெருவுக்கான தண்ணீர்

இருபத்தாறு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டிய அந்த மனிதரை எல்லோரும் ‘டேங்கர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். வீட்டுக்குக் கீழேயே இஸ்திரிக் கடை வைத்திருந்தவள் அவள். சட்டைக் காலரைப் பார்த்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கே சொந்தப் புருஷன் தண்ணீர் விஷயத்தில் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆகியிருந்தது. சிறுநீர் அறவே நின்றுவிட்டது. குடிப்பது அத்தனையும் உடம்பிலேயே தங்கும். மெஷின் வந்து உறிஞ்சினால்தான் உண்டு. ஆகவே ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். டீ, மாத்திரை விழுங்குவது எல்லாம் அதற்குள். ஒரு கை ஸ்டியரிங்கிலும் மறு கை இரண்டு லிட்டர் பாட்டிலிலுமாக வாழ்ந்தவருக்கு முக்கால் லிட்டர்.

நுரையீரலில் நீர் கோத்து மூன்று தடவை ஆம்புலன்ஸ் ஏறினார். மூன்றாவது தடவை டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தங்கை ஒரு சிறுநீரகம் தரத் தயார், பொருந்தவும் செய்கிறது. ஆனால் இதயம் இப்படி வீங்கிக் கிடக்கும்போது கத்தி வைக்க முடியாது. இன்னும் மூன்று மாதத்துக்கு, ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எடை இரண்டு கிலோவுக்குள் நிற்க வேண்டும். முதல் ஒரு மாதம் முன்னேபின்னே இருந்தால் பார்க்கலாம். அதற்குப் பிறகும் ஏறினால் ஆபரேஷன் பேச்சே இல்லை.

தங்கை கட்டில் அருகில் வந்து நின்றாள்.

“அண்ணே, நான் குடுக்கப்போறது கிட்னி. அதைக் குட்டையில ஊறப்போடற உத்தேசம்னா இப்பவே சொல்லிடு. எனக்கு வேற வேலை இருக்கு.”

“போடி. நான் யாருன்னு நினைச்சே?”

அடுத்த டயாலிசிஸுக்குப் போனபோது நாலு கிலோ ஏறியிருந்தது.

மனைவி சும்மா இருப்பாளா? ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு போட்டாள். குடிதண்ணீர்க் கேனைக் கடைக்கு இறக்கினாள். குளியலறை வாளியைக் கவிழ்த்து வைத்தாள். அப்படியும் ஒரு மத்தியானம், துணிக்குத் தெளிக்கிற பாட்டில் காலியாக இருப்பதைப் பார்த்துத் திகைத்துப் போனாள்.

“சட்டைக்கு வெச்சதையா குடிச்சீங்க?”

“சட்டைக்குத் தாகமா எடுக்குது?”

டயாலிசிஸ் அறையில் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு கணக்கு வாத்தியார். ஆறு வருஷமாகக் குடிக்கிற ஒவ்வொரு மடக்கையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறவர். எடை நூறு கிராம் ஏறினாலும் அவமானப்படுவார். “எழுதிப் பாருங்க சார், தானா அடங்கும்” என்று ஒரு புது நோட்டைப் பரிசாகவே கொடுத்தார். டேங்கர் மூன்று நாள் எழுதினார். மூன்று நாளும் பொய். நோட்டு வாத்தியாரை அடக்கி வைத்திருந்தது; இவரிடம் அது பலிக்கவில்லை.

அந்த வாரம்தான் அவர்கள் பகுதிக்கு வரும் குழாய் உடைந்தது. தண்ணீர் லாரி வந்தது. ஓட்டி வந்தவர் புது டிரைவர். எட்டுத் தெருவுக்கு வந்த லாரியில் மூன்றாம் தெருவிலேயே முக்கால்வாசி தீர்ந்துபோய்விட்டது. மற்ற தெருக்காரர்கள் குடமும் கையுமாக வந்து வண்டியை மறித்துக்கொண்டார்கள். யாரோ மாடியைப் பார்த்துக் கத்தினார்கள்: “டேங்கரண்ணே, கொஞ்சம் எறங்கி வாங்க!”

வீங்கிய காலோடு அவர் இறங்கிப் போனார். மனைவி பின்னாலேயே போனாள். கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், டிரைவரை மேலே ஏறிக் குச்சியை விட்டு அளக்கச் சொன்னார்.

“ஏம்ப்பா, முதல் தெருவுக்கு ஏன் அவ்வளவு ஊத்தினே?”

“அவங்கதாண்ணே ரொம்பக் கத்தினாங்க.”

“கத்தறவனுக்குத் தாகம் அதிகம்னு யாரு சொன்னா? அவனுக்குத் தொண்டை பெருசு, அவ்வளவுதான். கடைசித் தெருவுக்கு எடுத்து வெச்சுட்டுத்தான் முதல் தெருவுல வால்வையே தொடணும். கிளம்பறப்போ குனிஞ்சு பாத்தியா? பின் வால்வு ஒழுகுது. ஒழுகற வண்டிக்கு ஒரு ஏரியையே ஊத்தினாலும் பத்தாது.”

குச்சியில் இருந்த அளவை மிச்சம் இருந்த ஐந்து தெருவுக்கும் பிரித்தார். வீட்டுக்கு இரண்டு குடம். மூன்றாவது கேட்டவரைப் பெயர் சொல்லாமல் ஒரே பார்வையில் நிறுத்தினார். எட்டாம் தெருவின் கடைசி வீட்டுக்காரியும் இரண்டு குடத்தோடு போனாள். கூட்டம் கலைந்தது. யாரோ நன்றியோடு ஒரு செம்பு தண்ணீரை அவர் கையில் கொடுத்தார்கள். மனைவி எட்டிப் பிடிப்பதற்குள் அண்ணாந்து மொத்தத்தையும் குடித்துவிட்டார்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் தெரு என்றும் பார்க்கவில்லை.

“எட்டுத் தெருவுக்குப் பங்கு போடத் தெரியுது. ஒரு உடம்புக்குப் போடத் தெரியலை! அந்த டிரைவரைத் திட்ட உங்களுக்கு என்ன வாய் இருக்கு?”

அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். படியேறும்போது இரண்டு தடவை நின்றார். மூச்சு வாங்குகிறது என்றுதான் அவள் நினைத்தாள்.

மறுநாள் காலை, துணியில் அடையாளம் போடுகிற அவளுடைய பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முக்கால் லிட்டர் தண்ணீரை அளந்து, முதலில் அதில் கொஞ்சத்தை ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றி அலமாரிக்குள் வைத்தார். “இது கடைசித் தெரு. ராத்திரிக்கு.” மிச்சத் தண்ணீர் இருந்த பாட்டிலில் ஏழு கோடு போட்டார். ஒவ்வொன்றுக்கும் நேரம். பிறகு சமையலறைக்குப் போய் உப்பு டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார்.

“அதை எதுக்கு?”

“அங்கதான் ஒழுகுது.”

உப்பைக் குறைத்தால் தாகம் குறையும் என்று டயாலிசிஸ் அறை சிஸ்டர் நூறு தடவை சொல்லியிருந்தாள். நூறு தடவையும் தலையாட்டியவர்தான்.

முதல் வாரம் இரண்டரை கிலோ. அடுத்த வாரம் இரண்டு கிலோ நூறு. மூன்றாம் வாரம் ஒன்றே முக்கால். வாத்தியார் தன் நோட்டை மூடிவிட்டு எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

மனைவிக்குப் புரியாதது ஒன்றுதான். இவர் திருந்த வேண்டுமானால் சாதுவாக வேண்டும், வாய் அடங்க வேண்டும், வேறு ஆளாக வேண்டும் என்று அவள் எண்ணியிருந்தாள். அவரோ கொஞ்சமும் மாறவில்லை. அதே அதட்டல், அதே மிடுக்கு. நாக்கு வறளும்போது பாட்டிலைப் பார்த்தே சத்தம் போடுவார்: “ஏய் மூணாந்தெரு, உன் முறை பதினோரு மணிக்கு. வரிசையில நில்லு!” கீழே இஸ்திரி போட்டபடி அவள் சிரிப்பாள். ஃப்ரிட்ஜ் பூட்டை எடுத்துவிட்டாள். அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பதினோராவது வாரம் வெயில் கொளுத்தியது. அன்றைக்குப் பார்த்து மின்சாரம் போய்விட்டது. கடையை மூடிவிட்டு மேலே வந்தவள் அவர் உதட்டைப் பார்த்தாள். வெள்ளையாக வெடித்திருந்தது. பேச வாயைத் திறந்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. அவளே ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“குடிங்க. சிஸ்டர்கிட்ட நான் சொல்ல மாட்டேன்.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால்.

“அஞ்சாந்தெருவுக்கு மூணரை.”

“அரை டம்ளர்தானே. பாக்கச் சகிக்கலை.”

“இது என் பங்கு இல்லை. இன்னிக்குக் குடுத்தா நாளைக்கு இந்நேரத்துக்கு மறுபடி வந்து கத்தும்.” நிறுத்தி எச்சில் கூட்டப் பார்த்தார், வரவில்லை. “எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. இது தெரியும். எடுத்துட்டுப் போ.”

அவளுக்கு அந்தப் புழுக்கத்திலும் மயிர்க்கூச்செறிந்தது. இருபத்து நான்கு வருஷம் கூட வாழ்ந்தும், இந்த ஆள் தினமும் லாரியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. டம்ளரோடு சமையலறைக்குள் போனாள். தனக்கும் தாகமாகத்தான் இருந்தது. அவளால் அதைக் குடிக்க முடியவில்லை. மூன்றரை அடிக்கும்வரை மூடி வைத்துக் காத்திருந்தாள்.

மூன்று மாதம் முடிந்த அன்று எடை மெஷின் ஒன்று புள்ளி ஆறு காட்டியது. டாக்டர் பழைய அட்டையை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தார். “யார் சொல்லிக்கொடுத்தாங்க உங்களுக்கு?”

“லாரி சார்.”

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் மனைவியை முகமூடி மாட்டி உள்ளே விட்டார்கள். தங்கை பக்கத்து வார்டில் படுத்தபடியே நர்ஸுகளை விரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் குறைவில்லை. இவர் கண்ணை மூடிக் கிடந்தார். கட்டிலுக்குக் கீழே தொங்கிய பைக்குள் மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷமாக நின்றுபோனது. அவள் முட்டி போட்டுக் குனிந்து அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பையில கோடு போட்டிருக்குமே, எவ்வளவு?” என்றார் கண்ணைத் திறக்காமல்.

“ஆயிரத்து இருநூறு.”

“காலையில இருந்தா?”

“ஆமாங்க.”

சிஸ்டர் வந்து, இனி ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்க வேண்டும், குறைக்கவே கூடாது என்றாள். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து மனைவியைப் பார்த்தார்.

“பேனா கொண்டுவந்தியா?”